சுண்டெலியின் பாதமும் நம் வீட்டு மூட்டுவலியும்

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து, பொன்மலை ரயில்வே பணிமனையில் பல்லாண்டுகள் சக்கரங்களோடும் அச்சுகளோடும் மல்லுக்கட்டி, 2018ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன். மகளுக்கு இங்கே ஆசிரியைப் பணி என்பதால், தண்டவாளமே இல்லாத இத்தீவில் வந்து தங்கியிருக்கிறேன். மருத்துவக் கட்டுரை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களானால், எங்கள் வீட்டிலேயே முடக்குவாதம் குடியிருக்கிறது என்பதுதான் என் விடை.

என் துணைவியாருக்கு 2019இல் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. இட்லித் துணியைப் பிழிய முடியாது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காப்பி குடிப்பார். பத்து மணிக்கு மேல் மெல்ல மெல்ல இலகுவாகும். "வயசானா வர்றதுதானே" என்று ஓராண்டு வலி மாத்திரையிலும் தைலத்திலும் கழிந்தது. அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம். காரணத்தைச் சொல்கிறேன்.

மூட்டுவலியில் வகைகள் உண்டு. வயதானவர்களுக்கு முழங்காலில் வருவது பெரும்பாலும் தேய்மானம். ஓடி ஓடிச் சக்கரத்தின் விளிம்பு தேய்வதைப் போன்றது அது. உழைத்தால் வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதம் அப்படியன்று. ஓய்வெடுத்து எழும்போதுதான் இறுக்கம் அதிகம். அது ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். இரு கைகளிலும் ஒரே மாதிரியாக, விரல்களின் அடிமூட்டிலும் மணிக்கட்டிலும் வீங்கும். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முப்பது நாற்பது வயதிலேயே வரக்கூடும். இங்கே தேய்வது எதுவும் இல்லை. வண்டிக்குக் காவலாக வந்தவர்களே பெட்டியின் சன்னல்களை உடைப்பது போன்ற கதை இது. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய நம் வெள்ளணுக்கள், மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குள் கூட்டமாகப் புகுந்து, சவ்வைத் தடிக்கச் செய்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகின்றன. அரித்த எலும்பு திரும்ப வளர்வதில்லை. ஆகவேதான் முதல் ஓராண்டு அத்தனை முக்கியம்.

இத்தீவுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2006இல் இங்கே சிக்குன்குனியா பரவியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காய்ச்சல் போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வீங்கும். பார்ப்பதற்கு முடக்குவாதம் போலவே இருக்கும். எனவே வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிராமல், இரத்தத்தில் முடக்குவாதக் காரணியையும் சி.சி.பி. எதிர்ப்பொருளையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

சென்னையில் நோய் உறுதியானதும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை கொடுத்தார்கள். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து. ஒரு மருந்துக்கடையில் உறையின் மேல் "தினம் ஒன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மகள் சீட்டைப் பார்த்துத் தடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையே செயலிழந்து உயிருக்கு ஆபத்தாகும். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறேன்.

இரண்டாண்டுகள் கழித்தும் வீக்கம் முழுதாக வடியவில்லை. மருத்துவர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி ஒன்றைச் சொன்னார். பெயர் அடாலிமுமாப். ஆனால் அதற்கு முன் கையில் ஒரு சிறு ஊசி போட்டுக் காசநோய்ச் சோதனை செய்தார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்திருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இருந்தும், முதலில் காசநோய்த் தடுப்பு மாத்திரை. ஒரு மாதம் போன பிறகுதான் ஊசி என்றார்கள். என் துணைவியாருக்கு வந்ததே கோபம்! "என்னங்க இது, கை வலிக்குதுன்னு போனா டி.பி. மாத்திரையைக் குடுக்குறாங்க. எனக்கு இருமலே இல்லையே?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்கும் விடை தெரியவில்லை. மகளின் உதவியோடு தேடிப் படிக்கத் தொடங்கினேன். விடை ஒரு சுண்டெலியின் பாதத்தில் இருந்தது.

முதலில் எதிர்ப்பொருள் என்றால் என்னவென்று பார்ப்போம். நம் உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால், அதை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதத்தை வெள்ளணுக்கள் செய்கின்றன. இதைத்தான் ஆன்டிபாடி அல்லது எதிர்ப்பொருள் என்கிறோம். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. உடல் இயல்பாகச் செய்யும்போது பல ரகச் சாவிகள் கலந்து வரும். 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர், எதிர்ப்பொருள் சுரக்கும் எலி அணுவை, சாகாமல் பெருகும் புற்றுநோய் அணு ஒன்றோடு இணைத்து, ஒரே ரகச் சாவியை வேண்டிய அளவு செய்துகொள்ளும் வழியைக் கண்டார்கள். 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பணிமனையில் ஒரே அளவில் ஆயிரம் போல்ட் கடைந்தெடுப்பதன் அருமை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

சாவி கிடைத்துவிட்டது. எந்தப் பூட்டில் போடுவது?

முடக்குவாத மூட்டுக்குள் அணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பல இரசாயனத் தூதுகளை அனுப்புகின்றன. இவற்றுக்கு சைட்டோகைன்கள் என்று பெயர். ஒன்று இரண்டல்ல, பல உண்டு. அவற்றுள் ஒன்றுதான் டி.என்.எஃப்., அதாவது கட்டி நசிவுக் காரணி. எலிகளின் கட்டிகளை அழியச் செய்ததால் 1975இல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். 1980களில் இருந்த பொதுவான கருத்து, "இத்தனை தூதுகளில் ஒன்றைத் தடுத்து என்ன பயன்? மற்றவை அதன் வேலையைச் செய்துவிடுமே" என்பதாகும்.

மேற்கு லண்டனில் அப்போது இயங்கிய கென்னடி முடக்குவாத ஆய்வு நிலையத்தில் (2011 முதல் அது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது) இருவர் இதை நம்பவில்லை. ஒருவர் மார்க் ஃபெல்ட்மன். மற்றவர் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளத் தக்க ரவீந்தர் மெய்னி. 1937இல் பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு உகாண்டா சென்று, பிறகு இங்கிலாந்தில் மருத்துவம் படித்தவர். பிழைப்புக்காகக் கடல் கடந்த குடும்பத்துப் பிள்ளை. நம் தீவுவாசிகளுக்கு அந்தக் கதை புதிதல்ல.

நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, டி.என்.எஃப்.பை மட்டும் எதிர்ப்பொருளால் அடைத்துப் பார்த்தார்கள். 1989இல் வெளியான முடிவு வியப்பானது. டி.என்.எஃப். நின்றதும், குருத்தெலும்பை அரிக்கும் இன்டர்லூகின்-1 என்ற வேறொரு தூதின் உற்பத்தியும் தானாகக் குறைந்தது. நம் சிக்னல் அறையில் ஒரு குறிப்பிட்ட ரிலே விழுந்தால், அதைச் சார்ந்த மற்ற ரிலேக்களும் வரிசையாக விழும் அல்லவா? அப்படி ஒரு தலைமை ரிலேயைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆனால் கிண்ணம் வேறு, உடல் வேறு. இங்கேதான் சுண்டெலி வருகிறது.

எலிக்கு முடக்குவாதம் வரவழைப்பது எப்படி? குருத்தெலும்பில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உண்டு. கோழி அல்லது மாட்டின் குருத்தெலும்பிலிருந்து அதை எடுத்து, நோயெதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவையில் குழைத்து ஊசியாகப் போடுவார்கள். எலியின் உடல் அந்த அந்நியக் கொலாஜனை எதிர்க்கக் கிளம்பும். எலியின் சொந்தக் கொலாஜனும் ஏறக்குறைய அதே அமைப்பு. எதிரியை அடிக்கக் கிளம்பிய படை சொந்த வீட்டையே அடிக்கும். சில வாரங்களில் பாதம் சிவந்து வீங்கும். 1977இல் அமெரிக்காவில் பெரிய எலிகளில் இதைக் கண்டார்கள். 1980இல் சுண்டெலிகளிலும் செய்து காட்டினார்கள். எல்லாச் சுண்டெலிக்கும் இது நன்றாக வருவதில்லை. டி.பி.ஏ.-1 என்று பெயரிட்ட ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கே நன்றாக வரும். முடக்குவாதத்தில் பரம்பரைக்கும் பங்குண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எனக்குப் பிடித்த செய்தி, வீக்கத்தை அவர்கள் அளந்த விதம். கேலிப்பரைக் கொண்டு பாதத்தின் தடிமனை அளப்பார்கள்! அச்சின் விட்டத்தை நாங்கள் அளந்த அதே கருவி வகை, சுண்டெலியின் பாதத்தில். பிறகு எலியைக் கொன்று மூட்டை மெல்லிய சீவலாக அறுத்து, குருத்தெலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உயிர்களை வதைத்துச் செய்யும் வேலை என்ற உறுத்தல் படிக்கும்போது எனக்கும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

1992இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்பவர் ஃபெல்ட்மன், மெய்னி ஆகியோரோடு சேர்ந்து இந்தச் சோதனையை வெளியிட்டார். எலியின் டி.என்.எஃப்.பைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை வெள்ளெலியில் செய்து, சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். நோய் வருமுன் கொடுத்தபோது நோயின் கடுமை குறைந்தது. இது எதிர்பார்த்ததே. மருத்துவமனைக்கு வருபவர் யாரும் நோய் வருமுன் வருவதில்லை. எனவே பாதம் வீங்கிய பிறகும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் வீக்கம் குறைந்தது. மூட்டு அரிப்பும் குறைந்தது. இந்த இரண்டாவது முடிவுதான் கதவைத் திறந்தது.

அதற்கு ஓராண்டு முன்பே, 1991இல், கிரேக்க நாட்டின் ஏதென்ஸில் ஜார்ஜ் கோலியாஸ் குழுவினர் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். மனித டி.என்.எஃப். மரபணுவைச் சுண்டெலியில் புகுத்தி, அது அளவுக்கு மீறிச் சுரக்கும்படி செய்தார்கள். ஊசி எதுவும் போடாமலே அந்த எலிகளுக்கு மூட்டு நோய் வந்தது. எதிர்ப்பொருள் கொடுத்தால் வரவில்லை. "இது இருந்தால் நோய் வரும், இதை எடுத்தால் நோய் போகும்" என்று இரு பக்கமும் நிரூபணம் ஆகிவிட்டது. எந்தப் பழுதையும் கண்டுபிடிக்க நாங்கள் கையாளும் முறையும் இதுதான். பாகத்தைக் கழற்றிப் பார், மீண்டும் மாட்டிப் பார்.

1992இலேயே லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத இருபது நோயாளிகளுக்கு இந்த வகை எதிர்ப்பொருளைக் கொடுத்தார்கள். சாவியில் ஒரு பகுதி எலிப் புரதம், பெரும்பகுதி மனிதப் புரதம். பின்னாளில் இன்ஃப்ளிக்ஸிமாப் என்று பெயர் பெற்றது. நல்ல பலன் தெரிந்தது. ஆனால் நல்லது நடந்ததாக மருத்துவரும் நோயாளியும் நம்பிவிடுவதும் உண்டல்லவா? ஆகவே அடுத்து 73 பேரை மூன்று பிரிவாக்கி, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் நீர் என்று இரு தரப்புக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். 1994இல் வெளியான முடிவு இது: நான்காம் வாரத்தில் முன்னேற்றம் கண்டவர்கள், வெறும் ஊசி போட்டுக்கொண்ட 24 பேரில் 2 பேர், குறைந்த அளவு மருந்து பெற்ற 25 பேரில் 11 பேர், அதிக அளவு பெற்ற 24 பேரில் 19 பேர். விளக்கம் தேவையில்லாத கணக்கு.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்தின் வீரியம் தீர்ந்ததும் நோய் திரும்பி வந்தது. எனவே இது நோயை அடக்கி வைக்கும் மருந்தே தவிர, வேரோடு பிடுங்கும் மருந்து அன்று. "இத்தனை ஊசி போட்டால் தீர்ந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அத்துடன், ஒரு பகுதி எலிப் புரதமான மருந்தையே உடல் அந்நியனாக நினைத்து எதிர்க்கத் தொடங்குவதும் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்துக் கொடுத்தால் அது குறைகிறது. ஊசி தொடங்கிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தொடர்வது ஏன் என்று என் துணைவியார் கேட்டதற்கு இதுவே விடை.

இன்ஃப்ளிக்ஸிமாப் 1999இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முழுவதும் மனிதப் புரத அமைப்பிலான அடாலிமுமாப் 2002 இறுதியில் வந்தது. 2003இல் மெய்னிக்கும் ஃபெல்ட்மனுக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. விலைதான் நம்மைப் போன்றவர்கள் நெருங்க முடியாததாக இருந்தது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் நிறுவனம் உலகிலேயே முதன்முதலாக அடாலிமுமாபின் ஒப்புமை மருந்தைக் குறைந்த விலையில் வெளியிட்டது. இன்னமும் மலிவு என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு ஓய்வூதியக் கணக்கில் அது ஒரு பெரிய வரிதான்.

இப்போது என் துணைவியாரின் கேள்விக்கு வருவோம். கை வலிக்குக் காசநோய் மாத்திரை ஏன்?

காசநோய்க் கிருமி உடலுக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோரிடம் வெள்ளணுக்கள் கிருமியைச் சுற்றி வட்டச் சுவர் போல நின்று சிறை வைத்துவிடும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயிலும் தெரியாது. நம் நாட்டில் இப்படிச் சிறைக்கிருமியோடு நடமாடுவோர் கோடிக்கணக்கில் உண்டு. என் மாமனாருக்கு எழுபதுகளில் காசநோய் இருந்தது. அதே வீட்டில் வளர்ந்தவர் என் துணைவியார். அந்தச் சிறைச்சுவரைக் கட்டிக் காக்கும் கொத்தனார் யார் தெரியுமா? அதே டி.என்.எஃப். தான்! மூட்டில் அட்டூழியம் செய்யும் அதே தூது, நுரையீரலில் நமக்குக் காவல் நிற்கிறது. ஊசி போட்டு அதை அடைத்தால் மூட்டு நிம்மதி பெறும், சுவர் இடியும்.

இதையும் முதலில் சொன்னது சுண்டெலிதான். காசநோய்த் தடுப்பூசியில் உள்ள பி.சி.ஜி. கிருமியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, டி.என்.எஃப். எதிர்ப்பொருளையும் கொடுத்தபோது, அந்தச் சுவர் சரியாக உருவாகவில்லை; கிருமி பெருகியது. இது வெளியான ஆண்டு 1989. கிண்ணத்துச் சோதனை வெளியான அதே ஆண்டு! நன்மை செய்தியும் எச்சரிக்கையும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. 1995இல் வேறு சுண்டெலிகளிலும் இது உறுதியானது. ஆயினும் 2001இல்தான், இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்த செய்தி அமெரிக்க மருத்துவ இதழில் வெளியாகி உலகம் விழித்துக்கொண்டது. அவர்களில் 48 பேருக்கு மூன்று ஊசிகளுக்குள்ளாகவே வந்துவிட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் பரவியிருந்தது. அதன் பிறகே ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை என்பது விதியாயிற்று. எங்கள் துறையில் ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கும் என்பார்கள். இங்கும் அப்படியே.

நான் இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது துணைவியார் மாத்திரையை எடுத்துக்கொண்டே, "இதை அந்த டாக்டரே ரெண்டு வரியில சொல்லியிருக்கலாமே" என்றார். வாஸ்தவம்தான்.

சுண்டெலி எப்போதும் சரியாகவே சொல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. சி.டி.-4 என்ற அடையாளம் கொண்ட வெள்ளணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் சுண்டெலிகளில் அழகாக வேலை செய்தது. 1990களில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. இதைவிடப் பயங்கரம் 2006 மார்ச்சில் லண்டனில் நடந்தது. டி.ஜி.என்.-1412 என்ற எதிர்ப்பொருள், எலிகளின் மூட்டு நோயை அடக்கும் வகையைச் சேர்ந்தது. குரங்குகளுக்கும் தீங்கு செய்யவில்லை. குரங்கு தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்கை மட்டும், ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரின் உறுப்புகளும் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையில் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். மனிதனின் சில வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு பூட்டு, அதே குரங்கு அணுக்களில் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. ஆறு பேருக்கும் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தியதும் தவறு. புது எஞ்சினைச் சோதித்துப் பார்க்கும்போது கூட ஒரே நாளில் ஆறு எஞ்சினை யாரும் பாலத்தின் மேல் விட மாட்டார்கள்.

இனி, நம் தீவுக்காரர்களுக்கு மட்டுமே உரிய சில சங்கதிகள். இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உறையவும் கூடாது, உறைந்தது உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. புரதம் குலைந்துவிடும். பார்த்தால் தெரியாது, வேலை மட்டும் செய்யாது. சென்னையிலிருந்து வாங்கி வருபவர்கள் பனிக்கட்டியின் மேல் நேரே வைக்காமல், நடுவில் துணி மடித்து வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டு வாருங்கள். மருத்துவரின் சீட்டு கையில் இருக்கட்டும். கப்பலில் என்றால் மூன்று நாள் பயணம், சாதாரணப் பெட்டி தாங்காது. வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். உறைபெட்டியை ஒட்டி வேண்டாம். ரங்கத், டிக்லிபூர், கார் நிக்கோபார் போன்ற இடங்களில் இருப்பவர்கள், மழைக்காலத்தில் கப்பல் நின்றுவிடும் என்பதை எண்ணி ஒரு ஊசியாவது முன்கூட்டி வைத்திருப்பது நல்லது.

ஊசி போட்டுக்கொள்ளும் காலத்தில் காய்ச்சல் வந்தால், அந்தத் தடவை ஊசியைத் தாங்களாகவே போட்டுக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால், தடுப்பு மாத்திரை முடித்திருந்தாலும் மறுபடி காசநோய்ச் சோதனை அவசியம். தொடங்குமுன் ஹெப்படைட்டிஸ்-பி சோதனையும் செய்துகொள்ள வேண்டும்; உறங்கும் அந்தக் கிருமியையும் இம்மருந்து எழுப்பக்கூடும்.

குளிரில் வைக்கத் தேவையில்லாத மாத்திரை ஏதும் உண்டா என்று சென்ற மாதம் சங்கக் கூட்டத்தில் ஓர் அம்மையார் கேட்டார். உண்டு. டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை 2012 முதல் முடக்குவாதத்துக்கு வழக்கில் உள்ளது. இந்திய நிறுவனங்களும் தயாரிக்கின்றன. தூதைத் தடுப்பதற்குப் பதிலாக, தூது வந்து சேரும் அணுவின் உள்கம்பியை அது துண்டிக்கிறது. ஆனால் அம்மையாரே, அதற்கும் முதலில் காசநோய்ச் சோதனை உண்டு. இதய நோயோ இரத்தக்குழாய் அடைப்போ உள்ளவர்களுக்கும் புகைபிடித்தவர்களுக்கும் அது பொருந்துமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும்.